முத்து எடுத்தான், முத்தெடுத்தான்

வெண்பா எழுதிப் பழகும் மாணவர்க்கென ஒரு சிறு மென்பொருள் செய்ய முனைந்தோம், கணிப்பொறித் துறை நண்பரும் யாமுமாக. யாப்பைச் சோதிக்க ‘அவலோகிதம்’ முன்னரே இணையத்தில் உண்டு, நல்ல கருவி. எங்களுக்கு வேண்டியது சற்றே வேறு. மாணவர் தட்டச்சிடும்போதே அசையும் சீரும் தளையும் திரையில் மாற வேண்டும். தளை தட்டும்போதெல்லாம் பிழைக்கணக்கு ஒன்று ஏற வேண்டும்.

இதற்கு ஃபங்ஷனல் ரியாக்டிவ் புரோகிராமிங் என்னும் நெறியே ஏற்றது என்றார் நண்பர். கோனல் எலியட்டும் பால் ஹுடாக்கும் அசைவூட்டப் படங்களுக்காக 1997-இல் முன்வைத்தது. எங்கள் ஊர்க்காரர்க்கு விளக்குவது எளிது. முத்துக் குளிப்பவர் கயிற்றை அசைத்தால் தோணியில் இருப்பவர் தூக்குவார்; அவர் ஓயாமல் கடலுக்குள் எட்டிப் பார்ப்பதில்லை. எழுத்து மாறினால் அசை, அசை மாறினால் சீர், சீர் மாறினால் தளை. தொல்காப்பியர் கேட்டால் வியந்திருக்க மாட்டார்.

பயிற்சிப் பாடங்கள் மிகுந்த ஒரு நிரல்தொகுதியை எடுத்துச் செய்து முடித்தோம்.

மாணவி ஒருத்தி ‘முத்து எடுத்தான் மூழ்கி’ என்று எழுதினாள். (தூத்துக்குடிப் பெண் வேறெதைப் பாடுவாள்!) தேமா, புளிமா, தேமா. மாமுன் நேர் வந்து தளை தட்டியது, பிழை ஒன்று. அவள் ‘புணர்த்து’ பொத்தானை அழுத்தினாள். குற்றியலுகரம் கெட்டு ‘முத்தெடுத்தான் மூழ்கி’ ஆயிற்று. கூவிளங்காய் முன் நேர், வெண்சீர் வெண்டளை. ஆனால் பிழை இரண்டு என்றது கருவி.

“சார், காய்முன் நேர்தானே? அப்புறம் ஏன் தப்புன்னு சொல்லுது?”

மணி அடிக்கும் நேரம். எண்ணைப் பார்த்தோம், அடியைப் பார்க்கவில்லை. மாற்றி எழுதச் சொன்னோம்.

மாலையில்தான் விளங்கியது. தளை இரண்டைச் சார்ந்தது: நின்ற சீர், வருஞ்சீரின் முதலசை. நின்ற சீர் புதியதாகிவிட்ட கணத்தில் வருமசை பழைய ‘எடுத்’ ஆகவே இருந்தது. காய்முன் நிரை, கலித்தளை! கண்ணுக்குத் தெரியாத அந்தப் பொய்நிலையைக் கணக்கு மட்டும் பிடித்துக்கொண்டது. நிரலாளர் இதனைக் ‘கிளிட்ச்’ என்பர்.

பிறகே மறுதேர்வில் இறங்கினோம். ரியாக்டிவ் பனானாவும் ரிஃப்ளெக்ஸும் ஹாஸ்கெல் மொழிக்குரியவை; நண்பர் கையெடுத்துக் கும்பிட்டார். எல்ம் மொழி 2016-இல் இந்நெறியையே விட்டு விலகிவிட்டது. அதன் புதிய அமைப்பில் இச்சிக்கல் எழாது, ஆனால் எல்லாவற்றையும் புதிதாக எழுத வேண்டும். ஆர்எக்ஸ்ஜேஎஸ் பலரும் அறிந்தது. அதன் ‘கம்பைன்லேட்டஸ்ட்’ இரு ஓடைகளில் எது மாறினாலும் உடனே விடை சொல்லும். அது அதன் இயல்பு, குறையன்று. எங்கள் வேலைக்குத்தான் ஆகாது.

ஸ்டீபன் பிளாக்ஹீத்தின் சோடியம், ஒரு நிகழ்வால் விளையும் மாற்றம் அனைத்தையும் ஒரே பரிவர்த்தனையாகக் கொள்கிறது. பாதி மாறிய நிலை வெளியே வராது. டைப்ஸ்கிரிப்ட் வடிவமும் உண்டு. பயன்படுத்துவோர் குறைவு; ஐயம் வந்தால் கேட்க ஆளில்லை. ஆயினும் அதையே கொண்டோம்.

பழைய அடியை இட்டுப் புணர்த்தினோம். கணக்கு ஒன்றிலேயே நின்றது. மறுநாள் அவளை அழைத்து, தவறு எங்களுடையது என்று சொல்லி, அந்த வெண்பாவை முடித்துத் தரக் கேட்டோம்.

“அதை அழிச்சுட்டேன் சார். இப்ப உப்பளத்தைப் பத்தி எழுதுறேன்” என்றாள்.