பெரியம்மாவின் உயில்

பெரியம்மா விட்டுச் சென்றது திருவல்லிக்கேணியில் ஒரு சின்ன ஃபிளாட், வங்கியில் கொஞ்சம் டெபாசிட், இரண்டு வளையல், ஒரு சங்கிலி. உயிலை நிறைவேற்றும் பொறுப்பை என் பெயருக்கு எழுதியிருந்தார். காரியம் முடிந்த கையோடு அவர் வளையல்களை எடைபோட்டுச் சொத்துப் பட்டியல் தயாரிக்க எனக்குக் கூசியது. ஆனால் அந்தப் பட்டியல் இல்லாமல் மனுப் போட முடியாது. சென்னை நகருக்குள் இருக்கும் சொத்து என்பதால், அப்போதிருந்த சட்டப்படி உயர் நீதிமன்றத்தில் ப்ரொபேட், அதாவது உயில் செல்லும் என்ற சான்று, வாங்கியே ஆகவேண்டியிருந்தது.

வாரிசுகள் யார் யார் என்று வக்கீல் கேட்டார். அம்மாவின் பெயரைச் சொன்னேன். உயிலில் வீடு அம்மாவுக்குத்தான். அவரோ பெரியப்பாவின் அண்ணன் பிள்ளைகளைப் பற்றி விசாரித்தார். பெரியம்மாவுக்குக் குழந்தை இல்லை. பெரியப்பா இளம் வயதிலேயே போய்விட்டார். வீடு, பெரியம்மா பள்ளிக்கூடச் சம்பளத்தில் கடன் கட்டி வாங்கியது. ஆனாலும் 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம் 15ஆவது பிரிவுப்படி, உயில் எழுதாமல் இறக்கும் பிள்ளையில்லாத விதவையின் சுயசம்பாத்தியம் கணவன் வழி வாரிசுகளுக்கே போகும். கூடப் பிறந்த தங்கைக்கு அவர்களுக்குப் பிறகுதான் இடம். இதைக் கேட்டபோது எனக்கு வந்த கோபம் இன்னும் தணியவில்லை. ஒரு பெண் உழைத்துச் சேர்த்ததை இப்படிப் பங்கு வைப்பது அநியாயம். பெரியம்மாவின் விருப்பத்தைக் காப்பாற்றியது அந்த ஒற்றைத் தாள்தான்.

அண்ணன் பிள்ளைகள் இருவர், திருநெல்வேலிப் பக்கம். சம்மதப் பத்திரத்தோடு போனேன். பெரியவர் படித்துப் பார்த்துவிட்டு, "சித்தி சம்பாதிச்சது, சித்தி எழுதினபடியே போகட்டும்" என்று கையெழுத்துப் போட்டார். தம்பியும் போட்டார். அவர்கள் ஆட்சேபித்திருந்தால் எங்கள் மனு வழக்காக மாறி வருஷக்கணக்கில் இழுத்திருக்கும்.

அடுத்து சாட்சி. உயிலுக்கு முத்திரைத்தாள் வேண்டாம், பதிவும் கட்டாயமில்லை. இரண்டு சாட்சிகள் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். அவர்களில் ஒருவராவது உயிரோடு இருந்தால், அவர் வந்து சொல்ல வேண்டும். பெரியம்மாவின் சாட்சிகள் இருவருமே அவருடன் வேலை பார்த்தவர்கள். ஒருவர் இறந்துவிட்டார். மற்றவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை, பழைய முகவரியில் இல்லை. பென்ஷன்காரர்களிடம் விசாரித்து விசாரித்துத்தான் அவர் தாம்பரத்தில் மகள் வீட்டில் இருப்பது தெரிந்தது. நீதிமன்றத்தில் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு உயிலைக் கிட்டத்தில் பிடித்துப் பார்த்தார். "பச்சை மையில இருக்கறது என் கையெழுத்து. முதல்ல அவங்க போட்டாங்க, நாங்க பார்த்தோம். அப்புறம் அவங்க முன்னாடியே நாங்க போட்டோம்." சட்டத்துக்குத் தேவையானது இவ்வளவுதான். அதைச் சொல்ல அவரை விட்டால் வேறு ஆளில்லை.

ப்ரொபேட் வந்த பிறகு வங்கி, சொத்து வரி, மின் இணைப்பு என்று பெயர் மாற்றங்கள் ஒவ்வொன்றாக முடிந்தன. அம்மாவும் இப்போது உயில் எழுதிவிட்டாள். கட்டாயமில்லை என்றாலும் பதிவு செய்தோம். சாட்சிகளாகத் தன் சிநேகிதிகளைத்தான் கூப்பிட நினைத்தாள். நான் விடவில்லை. எதிர்வீட்டு மருந்தாளுநரும் அவர் மனைவியும் போட்டார்கள். இருவருக்கும் நாற்பது வயதுகூட ஆகவில்லை.