தூண்களில் விளைந்த தோட்டம்

ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையில், பெர்த் நகருக்குத் தெற்கே சுமார் 220 கி.மீ. தள்ளி இருக்கிறது பஸ்ஸல்டன். அங்குள்ள மரக் கடல்பாலத்தின் நீளம் 1,841 மீட்டர். அவ்வளவு தூரம் நடந்துபோனால் முனையில் ஆழம் எட்டு மீட்டர்தான். 1865இல் சிறியதாகத் தொடங்கிய பாலம் இது. கரையோரம் மணல் மேடிட்டுக்கொண்டே வந்ததால், அடுத்த நூறாண்டுகள் பாலத்தை நீட்டிக்கொண்டே போனார்கள். ஏற்றுமதியில் முக்கியமானது மரம். மேற்கு ஆஸ்திரேலியாவின் ஜாரா மரம் நம் ரயில் தண்டவாளங்களுக்கு அடியிலும் கட்டையாகக் கிடந்ததுண்டு.

1970களின் தொடக்கத்தில் கப்பல் வரத்து நின்றது. 1978 ஏப்ரலில் ஆல்பி புயல் கரைப்பக்கத்தைப் பெயர்த்துப்போட்டது. இனி எதற்கு இந்தப் பாலம் என்று அரசு கைகழுவப் பார்த்தது. ஊர்க்காரர்கள் விடவில்லை, பணம் திரட்டினார்கள். 1999 டிசம்பரில் தீப்பிடித்து 65 மீட்டர் எரிந்தது. அப்போதும் விடவில்லை. 2011இல் 2.7 கோடி ஆஸ்திரேலிய டாலர் செலவில் புதுப்பித்துத் திறந்தார்கள்.

காரணம் தண்ணீருக்கடியில் இருக்கிறது. வடக்கேயிருந்து வெப்பநீர் கொண்டுவரும் லீவின் நீரோட்டம், வெளிச்சம் விரும்பும் பாசிகளை அண்டவிடாத பாலத்தின் நிழல் - இரண்டும் சேர்ந்து அந்தத் தூண்களில் மென்பவளங்களையும் கடற்பஞ்சுகளையும் வளர்த்திருக்கின்றன. கண்ணாடியும் மூச்சுக்குழாயுமாக மிதப்பவருக்குத் தூண்களின் மேல்பகுதியும் மீன் கூட்டங்களும் தெரியும். நிறம் கொழிப்பது கீழே. அதற்கு ஸ்கூபா சிலிண்டர் வேண்டும். கணவாய் ஒதுங்கியிருக்கும். கறுப்பு வெள்ளைப் பட்டையுடன் 'ஓல்ட் வைஃப்' மீன் வரும். பிடித்தால் பல்லை நறநறக்குமாம்; அதனால் கிழவி என்று பெயர். பெயர் வைத்தவர் ஆணாகத்தான் இருக்க வேண்டும். பாலத்தின் மேலே தூண்டில்காரர்கள் இருப்பதால் அறுந்த நரம்பு தூண்களில் சுற்றிக் கிடக்கலாம். இடுப்பில் சின்னக் கத்தி அவசியம். துடுப்புக் காலால் தூணை உதைக்கக் கூடாது. நீந்தத் தெரியாதவர்களுக்கு 2003இல் திறந்த கண்ணாடி ஜன்னல் அறை இருக்கிறது. படியிறங்கி எட்டு மீட்டர் ஆழம்வரை நனையாமல் பார்க்கலாம்.

முத்துக் குளித்தோம், சங்கு குளித்தோம். சும்மா பார்ப்பதற்காக மூழ்குவதற்குத் தமிழில் தனியாக ஒரு வினைச்சொல் இல்லை. நம் பாலங்களையும் அதிகம் பேர் கீழேயிருந்து பார்த்ததாகத் தெரியவில்லை. புதுச்சேரி பழைய துறைமுகப் பாலத்தின் ஒரு பகுதி 2022 மார்ச்சில் கடலில் விழுந்தது. திருவனந்தபுரம் வலியதுறைப் பாலம் 2024இல் உடைந்தது.

பஸ்ஸல்டனிலும் சிக்கல் தீர்ந்துவிடவில்லை. மரத்தைக் கப்பல்புழு அரிக்கிறது. பழைய தூணை மாற்றினால் அதில் பல காலம் வளர்ந்த பவளமும் போகும். மாற்றாவிட்டால் பாலம் போகும், நிழலும் கூடவே போகும். அதனால் பழுதுவேலை நிற்பதே இல்லை. பாலத்தில் ஏறப் பார்வையாளர்கள் கட்டும் பணம் அதற்குத்தான் போகிறது.