வெள்ளியைத் தேய்க்கும் தாள்

ஓலையில் எழுத்தாணி கீறும். இரும்பு வலியது, ஓலை மெலியது. கீறிய பள்ளத்தில் கரியைத் தடவினால்தான் எழுத்து துலங்கும். வெள்ளிமுனை ஓவியத்தில் இந்த உறவு தலைகீழாகிறது. தாள்மேல் பூசிய பூச்சு அங்கே வலியது, வெள்ளிக் கம்பி மெலியது. பூச்சு கம்பியை உராய்ந்து, உதிரும் துகளைத் தன்மேல் பிடித்துக்கொள்கிறது. அந்தத் துகள்தான் கோடு. பூசாத தாளில் வெள்ளியை எத்தனை முறை இழுத்தாலும் சொல்லிக்கொள்ளும்படி எதுவும் விழாது. பூச்சிட்ட தாளைத் தயாரித்துச் சோதிப்பவர்களின் மேசையருகே நின்று கவனித்ததில் எனக்கு உறுதிப்பட்ட கருத்து ஒன்று: தாளைப் பக்குவப்படுத்துவது வரைவதற்கு முந்தைய எடுபிடி வேலை அல்ல, வரைதலில் சரிபாதி.

மேசையில் கிடக்கும் சோதனைத் துண்டுகளே இதற்குச் சான்று. வெள்ளியின் கடினம் மோஸ் அளவில் 2.5 முதல் 3 வரை. சுண்ணக்கட்டித் தூளின் கடினமும் ஏறக்குறைய 3 என்பதால், அது பூசிய துண்டில் கோடு மங்கலாக விழுகிறது. எலும்புச் சாம்பலின் கடினம் 5. அதே கம்பி, அதே கை, ஆனால் கோடு தெளிந்து நிற்கிறது. தூளை மாற்றினால் மட்டும் போதாது, அதைத் தாளில் ஒட்டவைக்கும் வச்சிரப் பசையின் அளவும் பொருந்தவேண்டும். வச்சிரம் கூடினால் பூச்சு பளபளத்து, கம்பி வழுக்குகிறது. குறைந்தால் பூச்சு பொடியாகிக் கம்பியோடு பெயர்ந்து வருகிறது. வச்சிரத்தைக் குளிர்ந்த நீரில் ஊறவைத்து, வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து இளக்குகிறார்கள். கொதித்துவிட்டால் ஒட்டும் வலு போய்விடும். ஈரத்தில் தாள் சுருளாமலிருக்க, பலகையில் நான்கு ஓரங்களையும் ஒட்டி இழுத்துக் கட்டுகிறார்கள். ஒரே தடவையில் தடிமனாகப் பூசுவதில்லை. மெல்லிய பூச்சொன்று காய்ந்தபின், குறுக்குவாட்டில் அடுத்தது. கம்பிக்கும் பக்குவம் உண்டு. வெட்டிய முனையை நுண்ணிய உப்புத்தாளில் உருட்டி மழுக்காவிட்டால், அது கோடு போடாமல் பூச்சைக் கிழித்துவிடும்.

நல்ல ஓவியரின் கைதானே முக்கியம், தாளுக்கு இவ்வளவு பெருமை எதற்கு என்று கேட்கலாம். ஆல்பிரெக்ட் டியூரர் 1484இல், தம் 13ஆம் வயதில், கண்ணாடியில் பார்த்து வெள்ளிமுனையால் வரைந்த தன்னுருவம் வியன்னாவின் ஆல்பெர்டினா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அந்தக் கையின் மேதைமையை யாரும் மறுக்க முடியாது. ஆனால் அந்தக் கையும் பூச்சு விதித்த எல்லைக்குள்தான் இயங்கியது. பென்சிலைப் போல அழுத்தினால் வெள்ளி கறுக்காது, பூச்சுதான் புண்படும். நிழல் வேண்டுமென்றால் கோட்டின்மேல் கோடாக அடுக்கவேண்டும். அத்தனை அடுக்கையும் தாங்குவது பூச்சின் பொறுப்பு. போட்ட கோட்டை அழிக்கவும் வழியில்லை. 1400ஐ ஒட்டித் தம் ஓவியக் கைந்நூலை எழுதிய சென்னினோ சென்னினி, மாணவர் வரையத் தொடங்குமிடத்திலேயே கோழி எலும்பைக் கொண்டுவந்து வைத்தார். அதை வெள்ளைவெளேரென்று ஆகும்வரை சுட்டு, கல்லில் இட்டு அரைத்து, எச்சிலில் குழைத்துச் சிறு மரப்பலகையில் விரலால் பூசச் சொல்கிறார். தளத்தை அறிந்த பிறகே கோடு என்பது அவர் வகுத்த வரிசை.

இன்று பூச்சு புட்டியிலேயே கிடைக்கிறதே, எலும்பைச் சுட்டு அரைப்பது வீண்பிடிவாதம் அல்லவா என்பது அடுத்த கேள்வி. புட்டிப் பூச்சை நான் குறைசொல்லவில்லை; புதிதாகத் தொடங்குபவருக்கு அது பெரும் துணை. ஆனால் எந்தத் தாள், எவ்வளவு தடிமன், எந்தக் கம்பி என்பதைப் புட்டி தீர்மானிப்பதில்லை. வாங்கிய பூச்சையும் துண்டுத் தாளில் தடவி, தூய வெள்ளி, செம்பு கலந்த வெள்ளி, செம்பு, தங்கம் என ஒவ்வொன்றாக இழுத்துப் பார்க்கத்தான் வேண்டும். அரைக்கும் வேலை குறையலாம். அறியும் வேலை குறைவதில்லை.

அந்த அறிதலுக்குக் காலமும் வேண்டும். புதிதாக விழுந்த வெள்ளிக் கோடு சாம்பல் நிறம். வீட்டு வெள்ளி விளக்கு கறுப்பதைப் போலவே, காற்றிலுள்ள கந்தகச் சேர்மங்கள் பட்டு அது மெல்லப் பழுப்பாகிறது. தங்கக் கோடு அப்படி மாறுவதில்லை. கந்தக ஆவியில் காட்டி வெள்ளிக் கோட்டின் மாற்றத்தை விரைவுபடுத்தலாம். நிறம் எந்தப் பக்கம் போகும் என்பதை அது காட்டும், ஆனால் அறைக் காற்றில் ஆண்டுக்கணக்கில் நடப்பதற்கு அது ஈடாகாது. அதனால்தான் பூச்சின் கலவை, கம்பி, தேதி மூன்றையும் எழுதிய துண்டுகளைப் பட்டறையில் பத்திரப்படுத்துகிறார்கள். அருங்காட்சியகங்கள் இவ்வகை ஓவியத்தின் கீழே ‘தயாரிக்கப்பட்ட தாளில் வெள்ளிமுனை’ என்று எழுதுவது வழக்கம். வரைந்தவர் பெயர் அருகிலேயே இருக்கும். எலும்பை அரைத்த கைக்கு மிஞ்சியது ‘தயாரிக்கப்பட்ட’ என்ற அந்த ஒரு சொல்தான். அதைத் தாண்டிப் போகாமல், ஓவியத்தின் சரிபாதியாகவே நாம் படிக்கவேண்டும்.