தங்கமான மனுஷர்களும் தொலைந்த சீட்டும்

ஆஸ்பத்திரியில் நமக்கு ஒரு கெடுதல் நேர்ந்து விட்டால், உடனே ஓர் ஆளைத் தேட ஆரம்பித்து விடுகிறோம். டாக்டர் அலட்சியம் செய்தார், நர்ஸ் சிடுசிடுத்தாள், சீட்டு எழுதுகிறவர் தூங்கி வழிந்தார் என்று யார் தலையிலாவது பழியைப் போட்டால்தான் மனம் ஆறுகிறது. கதை எழுதிப் பிழைக்கிற எனக்கு இந்தப் பழக்கம் கொஞ்சம் அதிகம். வில்லன் இல்லாமல் கதை நடத்துவது சிரமம் அல்லவா? ஆனால், என் அத்தையின் வலது கண் போன கதையில் எனக்கு ஒரு வில்லன்கூட அகப்படவில்லை.

அத்தைக்கு அப்போது வயது 68. கிராமத்திலிருந்து இரண்டு பஸ் மாறி டவுன் ஆஸ்பத்திரி ஒன்றுக்குப் போனோம். முதல் நாள் கண்ணின் அழுத்தத்தை அளந்தார்கள். டாக்டர் பொறுமையாகப் பார்த்து, "அழுத்தம் அதிகமாயிருக்கிறது, அம்மா. வியாழக்கிழமை வாருங்கள், இன்னொரு பரிசோதனை செய்து மருந்தை ஆரம்பித்து விடலாம்" என்றார். வியாழக்கிழமை முதல் நாள் சீட்டைக் காணோம். மறுபடி அளக்க வேண்டும், அளக்கிறவர் லீவு. மூன்றாம் தடவை சீட்டு கிடைத்தது. டாக்டர் முகாமுக்குப் போயிருந்தார். நடுவில் அறுவடை வந்தது, அத்தை மகனுக்குக் காய்ச்சல் வந்தது, தீபாவளி வந்தது. நாலாம் தடவை போனபோது வலது கண்ணில் பார்வை பெரும்பாலும் போயிருந்தது. கண் புரை என்றால் ஆபரேஷன் செய்து பார்வையை மீட்கலாம். அழுத்த நோயில் போனது போனதுதான். மீதியைக் காப்பாற்றலாமே ஒழிய, போனதைத் திருப்ப முடியாது.

நான் குதித்தேன். அத்தை என் கையைப் பிடித்துக் கொண்டு, "யாரையும் வையாதேடா. எல்லாரும் தங்கமான மனுஷங்க. அந்தச் சீட்டுதான் எங்கேயோ போயிடுச்சு" என்றாள்.

யோசித்துப் பார்த்தால், அத்தை சொன்னதுதான் சரி. அங்கே ஒவ்வொருவரும் தம் மேஜையில் தம் வேலையை ஒழுங்காகத்தான் செய்தார்கள். ஒரு மேஜைக்கும் அடுத்த மேஜைக்கும் நடுவே இருந்த பத்தடி தூரம் மட்டும் யாருடைய வேலையாகவும் இல்லை. அத்தையின் கண் அந்தப் பத்தடியில்தான் தொலைந்தது.

பிற்பாடு அந்த ஆஸ்பத்திரிக்குக் கம்ப்யூட்டர் வந்தது. இனிக் கவலை இல்லை என்று சந்தோஷப்பட்டேன். ஒரு சிநேகிதருடன் போய்ப் பார்த்தபோது சந்தோஷம் பறந்து விட்டது. வாசலில் ஒருவர் விவரங்களைக் கம்ப்யூட்டரில் அடித்துக் காகிதத்தில் எடுத்துக் கொடுத்தார். அதையே ஒரு நர்ஸ் பேரேட்டில் எழுதினாள். டாக்டர் அறையில் மூன்றாவது முறையாகவும் எழுதினார்கள். முன்பு இரண்டு வரிசை; இப்போது மூன்று! வாய்க்காலைச் செப்பனிடாமல் பம்புசெட் வைத்தால் தண்ணீர் இன்னும் வேகமாகப் பக்கத்து வயலுக்குப் போகும், அவ்வளவுதான்.

வாய்க்காலை முதலில் வெட்டியவர் ஒருவர் நம் மதுரையிலேயே இருந்தார். அரசாங்க உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற டாக்டர் கோ. வெங்கடசாமி 1976ஆம் ஆண்டில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். முடக்கு வாதத்தால் விரல்கள் கோணிப் போனவர். அந்த விரல்களைக் கொண்டே லட்சத்துக்கும் மேற்பட்ட கண்களுக்கு ஆபரேஷன் செய்தவர். அவர் கேட்ட கேள்வி எளிமையானது: டாக்டர் மட்டுமே செய்யக் கூடிய காரியம் எது? மற்றதையெல்லாம் ஏன் அவர் செய்ய வேண்டும்? கிராமத்துப் பெண்களுக்கு இரண்டு வருஷம் பயிற்சி கொடுத்து, கண்ணை அளப்பதையும் நோயாளியைத் தயார் செய்வதையும் அவர்களிடம் ஒப்படைத்தார். ஆபரேஷன் அறையில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு மேஜைகள். ஒன்றில் வேலை முடிவதற்குள் அடுத்ததில் நோயாளி தயார். டாக்டர் பூதக்கண்ணாடியைத் திருப்பினால் போதும்.

"மனிதர்களை இட்லித் தட்டு மாதிரி அடுக்குவதா?" என்று நீங்கள் முகம் சுளிக்கலாம். நானும் சுளித்தேன். அவரோ அமெரிக்காவின் மக்டொனால்ட்ஸ் சாப்பாட்டுக் கடையைப் பார்த்து மெச்சியவர். ஆனால், இப்படி மிச்சமான நேரமும் பணமும்தான், அங்கே வருகிறவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு இலவசமாகவோ குறைந்த செலவிலோ பார்வை கொடுத்தன. 1992இல் ஆரோலாப் என்ற தொழிற்சாலை அமைத்து, கண்ணுக்குள் வைக்கும் லென்ஸையும் ஏழைக்கு எட்டும் விலையில் செய்தார்கள். ஒழுங்கு என்பதும் கருணையின் ஒரு வடிவந்தான் என்று அப்போது எனக்குப் பட்டது.

கம்ப்யூட்டர் அதற்குப் பிறகு வந்தது, அதனால் உபயோகப்பட்டது. இலவச முகாம் போட்டும்கூட, கண் கோளாறு உள்ள கிராமத்தாரில் நூற்றுக்கு ஏழு பேர்தான் வந்தார்கள் என்று ஓர் ஆராய்ச்சியில் தெரிந்தது. ஆகவே 2004ஆம் ஆண்டு முதல் சின்ன ஊர்களில் பார்வை மையங்கள் திறந்தார்கள். பயிற்சி பெற்ற பெண் ஒருத்தி கண்ணைப் பரிசோதித்து விவரங்களைக் கம்ப்யூட்டரில் பதிகிறாள். எங்கோ நகரத்து ஆஸ்பத்திரியில் இருக்கும் டாக்டர் அதைத் திரையில் பார்த்து, நோயாளியோடு அங்கிருந்தே பேசுகிறார். அமெரிக்காவின் பெர்க்லி கலாசாலைக்காரர்கள் தேனி வட்டாரத்தில் இதற்கென்றே நெடுந்தூரக் கம்பியில்லாத் தொடர்பு அமைத்துக் கொடுத்தார்கள். இங்கே மனிதர் பஸ் ஏறுவதில்லை. சீட்டுதான் பயணம் போகிறது. அதுவும் ஒரு விநாடியில்!

ஒரு நடை மிச்சம் என்பது நமக்கு அற்பமாகத் தோன்றலாம். கூலிக்காரருக்கு அது ஒரு நாள் சம்பளம்; துணைக்கு வருகிறவருக்கு இன்னொரு நாள் சம்பளம். இரண்டாம் நடைக்குக் காசில்லாமல் வீட்டோடு இருந்து விடுகிறவர்களின் பெயர் எந்தப் பேரேட்டிலும் ஏறுவதில்லை. ஆகவே, உங்கள் ஊர் ஆஸ்பத்திரிக்குப் புதிதாகக் கம்ப்யூட்டர் வந்திருக்கிறது என்று யாராவது பெருமையோடு சொன்னால், அது எத்தனை வேகமானது என்று கேட்காதீர்கள். வந்த பிறகு எத்தனை நடை குறைந்தது என்று கேளுங்கள்.