பாலைவனத்தில் ஒரு கிணறு

சென்ற ஆண்டு ஜூன் மாதம், அமெரிக்காவில் அரிசோனா மாநிலத்துப் பீனிக்ஸ் நகரிலுள்ள என் தம்பி வீட்டுக்குப் போயிருந்தோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை, "காலையில் போய்ச் சாயங்காலம் திரும்பிடலாம் அக்கா" என்று காரை எடுத்தான். புளியோதரை, தயிர் சாதம், வறுவல் எல்லாம் கட்டிக் கொண்டேன். "தண்ணீர் நிறைய வெச்சுக்கோ" என்றான். "மதுரைக்காரிக்கு வெயிலைப் பத்திச் சொல்றியா?" என்று சிரித்துவிட்டு, இரண்டே பாட்டில் எடுத்துக் கொண்டேன்!

வடக்கே சுமார் 145 கிலோ மீட்டர் பயணம். புறப்பட்ட கொஞ்ச தூரம் வரை, கையைத் தூக்கிக் கொண்டு நிற்கும் ஆளைப் போல 'சகுவாரோ' கள்ளிகள். அதில் ஒரு கிளை வரவே 50 வருஷத்துக்கு மேல் ஆகுமாம்.

முதலில் பார்த்தது 'மாண்டிசூமா காசில்'. செங்குத்தான சுண்ணாம்புப் பாறையின் நடுவே, பொந்துக்குள் குருவிக்கூடு மாதிரி 5 மாடி, 20 அறைகள்! சினாகுவா என்னும் பழங்குடியினர் சுமார் 1100 முதல் 1425 வரை இந்தப் பக்கத்தில் வாழ்ந்தார்கள். மாண்டிசூமா என்ற மெக்சிகோ அரசர் இங்கே வந்ததே இல்லை. பின்னால் வந்த வெள்ளையர்கள் தவறாக வைத்த பெயர் நிலைத்துவிட்டது. 1951-லிருந்து மேலே ஏற அனுமதியில்லை. கீழே நின்று அண்ணாந்து பார்த்தேன். கீழே ஓடும் ஓடையில் தண்ணீர் எடுத்து, ஏணியில் ஏறி, மேலே கொண்டு போய்ச் சமைத்திருக்கிறார்களே! குழாயடிச் சண்டைக்கே அலுத்துக் கொள்கிற நாம் எங்கே!

அடுத்து, சுமார் 18 கிலோ மீட்டர் தள்ளி 'மாண்டிசூமா வெல்'. கிணறு என்றால் நம் ஊர்க் கிணறு இல்லை. 386 அடி அகலத்துக்குப் பெரிய பள்ளம். அடியிலிருந்து தினமும் சுமார் 57 லட்சம் லிட்டர் தண்ணீர் ஊறுகிறது. மேட்டில் ஏறி நின்று ரசிக்கும்போதே என் கணவர், "தலை சுத்துதும்மா" என்று உட்கார்ந்துவிட்டார். அவருக்கு ரத்த அழுத்தம் வேறு. இரண்டு பாட்டிலும் காலி! எதிரே அவ்வளவு தண்ணீர் இருந்தும் ஒரு வாய் குடிக்க முடியாது. அதில் ஆர்சனிக் என்ற விஷம் கலந்திருக்கிறது. கரியமில வாயு மிகுதியால் மீன்கூட வாழாது. எனக்குக் கை கால் ஓடவில்லை.

தம்பி காருக்கு ஓடிப் போய் ஒரு பெரிய கேனோடு வந்தான். "அக்காவை எனக்குத் தெரியாதா? நேத்து ராத்திரியே டிக்கியில் வெச்சுட்டேன் அத்தான்" என்றான். கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வைத்து, ஈரத் துண்டைக் கழுத்தில் போட்டு, கைத்தாங்கலாக மர நிழலுக்கு அழைத்துப் போனோம். அரை மணியில் தெளிந்தார். பக்கத்திலேயே, அந்தக் கால மக்கள் சோளமும் பூசணியும் விளைவிக்க வெட்டிய வாய்க்காலில் இன்றும் தண்ணீர் ஓடுகிறது. தண்ணீரின் அருமை அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது, எனக்குத்தான் தெரியவில்லை.

நம் ஊரில் வியர்வை வழிந்து நம்மை எச்சரிக்கும். அங்கே வறண்ட காற்றில் வியர்வை உடனே காய்ந்துவிடுவதால், உடம்பு வற்றுவதே தெரிவதில்லை. சகோதரிகளே, பாலைவனம் பார்க்கப் போனால் தாகம் எடுக்குமுன்பே குடியுங்கள். புளியோதரை மறந்தாலும் பரவாயில்லை, தண்ணீரை மறக்காதீர்கள்!