அமத்திப் பிடியுங்கோ அம்மா

எங்கட வீட்டில் விடியக்காலை எழும்ப அலாரம் தேவையில்லை. ஐந்தரைக்கு அப்பா காரை வெளியில் எடுப்பார். ரிவேர்ஸ் போடும்போது கர்ர்ர் என்று இரும்பும் இரும்பும் தேய்கிற சத்தம் வரும். முதலில் கிழமைக்கு ஒருக்கால் கேட்டது, பிறகு ஒவ்வொரு நாளும். ஒருநாள் அந்தச் சத்தம் நின்றுபோனது. அப்பா எங்கேயோ காட்டித் திருத்திப்போட்டார் என்றுதான் நினைத்தோம்.

திருத்தவில்லை. எஞ்சினை ஸ்ரார்ட் செய்ய முதலே ரிவேர்ஸைப் போட்டுவிட்டு, கிளச்சை மிதித்தபடி திறப்பைத் திருப்பப் பழகியிருந்தார். எஞ்சின் ஓடாதபோது கியர் சத்தமில்லாமல் விழும். அப்படித்தான் ஒரு வெள்ளிக்கிழமை, அம்மா கேற்றைத் திறந்துகொண்டு நிற்க, அப்பா திறப்பைத் திருப்பினார். கிளச் அடிமட்டும் மிதிபட்டுத்தான் இருந்தது. ஆனாலும் கார் பின்னுக்குப் பாய்ந்தது. மூன்று நாலடிதான். அம்மா மதிலோடு ஒட்டினா. கேற்றில் ஒரு தகரம் நெளிந்தது. அப்பா காரை நிப்பாட்டிவிட்டு இறங்கவில்லை, ஸ்ரியரிங்கைப் பிடித்தபடி கனநேரம் இருந்தார். அம்மாவும் ஒன்றும் கேட்கவில்லை. மத்தியானம் குசினிக்குள் வைத்து எங்களிடம்தான் சொன்னா: "அந்தக் காரை ஒருக்கால் பாருங்கோவன், பிள்ளையள்."

நாங்கள் என்றால் இரண்டு பேர். கலைப்பீடத்தில் படிக்கிற ஒருத்தி, ஏஎல் எழுதிவிட்டு முடிவுக்குப் பார்த்துக்கொண்டிருக்கிற தம்பி. சைக்கிளுக்கு ஒட்டுப்போடுவதைத் தாண்டி எந்த இயந்திரத்திலும் நாங்கள் கை வைத்ததில்லை.

கார் 1991 இல் செய்த கொரோலா. அப்பா அதில்தான் ஹயர் ஓடுகிறார். கூடுதலாகக் கட்டுநாயக்கா ஓட்டம். வவுனியா, மதவாச்சி, அனுராதபுரம், புத்தளம், சிலாபம் என்று ஒரு பக்கம் மட்டும் 350 கிலோமீற்றருக்கு மேல், பெரும்பாலும் இராத்திரியில். போன மாதம் நீர்கொழும்புச் சந்தி ஒன்றில் சிவப்பு விளக்குக்கு நின்றவருக்குத் திரும்ப முதலாம் கியர் விழவில்லையாம். பின்னால் எல்லோரும் ஹோர்ன் அடிக்க, எஞ்சினை நிப்பாட்டி, கியரைப் போட்டு, ஸ்ரார்ட்டரிலேயே காரை இழுத்துக்கொண்டு போயிருக்கிறார். வீட்டுக்கு வரும்வரை ஒவ்வொரு விளக்கிலும் அதே வேலை. இதெல்லாம் நாங்கள் துருவித் துருவிக் கேட்டபோது வெளியே வந்தது.

அதோடு இன்னொன்றும் வந்தது. ஏற்கெனவே ஒரு கராஜில் காட்டியிருக்கிறார். கிளச் பிளேட் போய்விட்டது, கியர்பெட்டி இறக்கவேணும், 60,000 மட்டில் வரும் என்று சொல்லியிருக்கிறார்கள். கேட்டுவிட்டுப் பேசாமல் வந்துவிட்டார்.

எங்களுக்கு அந்த 60,000 தான் உறுத்தியது. இரண்டு இரவு தேடி வாசித்ததில் ஒரு விசயம் பிடிபட்டது. கிளச் கெடுவது இரண்டு விதம். பிளேட் தேய்ந்தால் கிளச் வழுக்கும்: எஞ்சின் கத்தும், கார் அந்த அளவுக்கு இழுக்காது, மேட்டில் மூச்சு வாங்கும். எங்கட கார் நல்லாகத்தான் இழுத்தது. எங்கட வருத்தம் மறுபக்கம்: மிதித்தாலும் கிளச் விலகவில்லை. நிப்பாட்டிய எஞ்சினில் கியர் சத்தமில்லாமல் விழுந்து, ஓடுகிற எஞ்சினில் பல் கடித்தால், பிளேட்டைக் குற்றம் சொல்ல முதல் மிதி கீழே போய்ச் சேருகிறதா என்று பார்க்கவேணும்.

மிதியைக் கொண்டு சேர்ப்பது ஒயில். பழைய மோட்டார் சைக்கிளில் கிளச்சுக்கு ஒரு கேபிள் போகும் அல்லவா, இந்தக் காரில் அந்த இடத்தில் ஒரு மெல்லிய குழாய் நிறைய பிரேக் ஒயில். பெடலுக்கு நேர் முன்னால் ஒரு சின்னச் சிலிண்டர், அதை மேல் பம்ப் என்றார் அப்பா. கியர்பெட்டியில் இன்னொன்று, கீழ் பம்ப். மேலே மிதித்தால் ஒயில் தள்ளுப்பட்டுக் கீழ் பம்பின் பிஸ்டன் வெளியே வந்து கிளச்சின் கவரைத் தள்ளும். ஓஎல் விஞ்ஞானத்தில் பஸ்காலின் தத்துவம் என்று படம் கீறிப் புள்ளி எடுத்தது இதுதான். அந்தப் படத்துக்குப் பக்கத்தில் 'உங்கட அப்பாவின் காரிலும் இருக்கு' என்று ஒரு வரி இருந்திருந்தால் நாங்கள் வேற பீடத்துக்குப் போயிருப்போமோ தெரியாது.

பெடல் அரையடி இறங்கினாலும் கீழே பிஸ்டன் நகர்வது ஒரு சென்ரிமீற்றர் சொச்சம்தான். திரவம் அமுங்காது, காற்று அமுங்கும். குழாய்க்குள் கொஞ்சக் காற்று நின்றால் அந்த ஒரு சென்ரிமீற்றரை அதுவே தின்றுவிடும். பெடல் பஞ்சு மாதிரி இறங்கும்.

இந்தப் பஞ்சைத்தான் அப்பா ஆறேழு மாதமாக நன்மை என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். அவருக்கு இடது முழங்கால் ஏலாது. "இப்ப கிளச் நல்ல லேசா இருக்கு, காலுக்குச் சுகம்" என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறார்.

பொனற்றைத் திறந்தோம். கிளச்சுக்கென்று தனியாக ஒரு குட்டிப் போத்தல் இருந்தது. பிரேக்குக்கு வேற போத்தல், அதில் மட்டம் சரி என்று முதலில் பார்த்துக்கொண்டோம். கிளச் போத்தலில் ஒயில் அடியில் கிடந்தது, கோப்பித் தண்ணி நிறத்தில். டிக்கியில் பாதி குறைந்த பிரேக் ஒயில் போத்தல் இரண்டு. குறையக் குறைய ஊத்திக்கொண்டு ஓடியிருக்கிறார். ஊத்துகிற ஒயில் எங்கே போகிறது என்று மட்டும் பார்க்கவில்லை.

இதில் எங்களுக்குக் கோபம் வந்தது, பிறகு அவ்வளவாக வரவில்லை. அப்பா 1990களில், பொருளாதாரத் தடைக்குள், யாழ்ப்பாணத்தில் கார் ஓடப் பழகியவர். கொஞ்சம் பெற்றோலைக் காட்டி எஞ்சினைக் கிளப்பி, பிறகு மண்ணெண்ணெய்யில் ஓட்டிய தலைமுறை. திருத்தச் சாமான் இல்லாத ஊரில் பழுதோடு ஓடுவதுதான் சாரதியின் கெட்டித்தனம். இப்போது மட்டும் என்ன? 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். சொந்தப் பாவனை வாகனங்களுக்குக் கதவு திறக்க 2025 பெப்ரவரி ஆனது. திறந்தும் அந்த வரிக்கு எங்கட வீட்டிலிருந்து எட்டிப் பார்க்கவும் முடியாது. இந்தக் காரை விட்டால் வேற கார் இல்லை. அதனால்தான் அப்படி ஓட்டினார், அதனால்தான் அப்படி ஓட்டக்கூடாது. இரண்டும் சரியாகத்தான் பட்டது.

பற்றரியைக் கழற்றிக் கையை உள்ளே விட்டு, கீழ் பம்பின் வாயில் இருந்த றப்பர் தொப்பியை விரலால் உரித்தோம். கறுத்த ஒயில் முழங்கைவரை வழிந்தது. கண்டுபிடித்த சந்தோசத்தில் தம்பி கத்தியதைக் கேட்டுப் பக்கத்து வீட்டு மாமி எட்டிப் பார்த்தா.

ஸ்ரான்லி வீதியில் கீழ் பம்புக்கு ஒரு கிட் வாங்கினோம். கிட் என்றால் ஒரு கப் றப்பர், ஒரு தொப்பி, அவ்வளவுதான். பம்பைக் கழற்றுவது இரண்டு 12 நட், ஒரு குழாய் நட். அந்தக் குழாய் நட்டுத்தான் பயம், மூலை உருண்டால் கதை முடிந்தது. பிஸ்டன் வெளியே வரமாட்டேன் என்றது. குழாய் பூட்டுகிற ஓட்டையில் சைக்கிள் பம்பை வைத்து அடித்தோம், துணிக்குள் வந்து விழுந்தது. உள்ளே சுவரில் துருப் பிடித்துச் சின்னச் சின்னப் புள்ளிகள். பிரேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும், டிக்கியில் திறந்து வைத்த பாதிப் போத்தல் என்றால் சொல்லவே வேண்டாம். அந்த ஈரம்தான் துரு. புள்ளிகள் ஆழமில்லை, நைசான வோட்டர் பேப்பரால் தேய்க்கப் போனது. ஆழம் என்றால் பம்பையே மாற்றவேணும்.

கழுவுவதற்கு அப்பா பெற்றோலைக் கொண்டுவந்தார். நாங்கள் வேண்டாம் என்றோம். பெற்றோலும் எஞ்சின் ஒயிலும் இந்த றப்பரை ஊதப்பண்ணிவிடும், புது பிரேக் ஒயிலாலேயே கழுவவேணும்.

"நான் முப்பது வருசமாப் பெற்றோல்லதான் கழுவுறன்."

"முப்பது வருசமா ஒழுகுது அப்பா."

தம்பிதான் சொன்னான். அப்பா பெற்றோல் ரின்னை எடுத்துக்கொண்டு விறாந்தைக்குப் போய்விட்டார். அரை மணித்தியாலம் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. நாங்கள் பெருமையாகக் கப்பை மாட்டிப் பிஸ்டனைத் தள்ளப் போகையில் அங்கிருந்தே குரல் வந்தது: "உதடு எந்தப் பக்கம் இருக்கு?" குனிந்து பார்த்தோம். கப்பின் விரிந்த உதடு ஒயில் வருகிற பக்கம் பார்க்கவேணும், அப்போதுதான் அமுக்கம் வர வர அது சுவரோடு இறுகும். நாங்கள் மறுபக்கம் மாட்டியிருந்தோம். பத்தடி தூரத்திலிருந்து அவருக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்கவில்லை, பிழையாகத்தான் போடுவோம் என்று தெரிந்திருக்கும்.

பிறகு காற்று எடுக்கவேணும். அதற்கு ஆள் காணாது. தம்பி கீழே பிளீடர் நட்டோடு, மற்றவள் மேலே போத்தல் வற்றாமல் ஒயில் ஊத்த, பெடலுக்கு ஒரு ஆள். அப்பாவின் முழங்கால் அத்தனை தரம் மிதிக்க ஏலாது.

அம்மா ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்து சாரதி இருக்கையில் ஏறினா. இத்தனை வருசத்தில் அந்தப் பக்கக் கதவால் அம்மா ஏறியதை நாங்கள் கண்டதில்லை. இருக்கையை முன்னுக்கு இழுக்கத் தெரியாமல் நுனியில் இருந்தா.

முறை இதுதான். அம்மா மிதித்துப் பிடிக்கவேணும். தம்பி பிளீடரைத் திறப்பான், மீன்தொட்டிக் குழாய் வழியாக ஒயிலும் குமிழியும் சோடாப் போத்தலுக்குள் போகும். அவன் இறுக்கிய பிறகுதான் காலை எடுக்கலாம். முந்தி எடுத்தால் வந்த வழியாலேயே காற்றை உறிஞ்சிவிடும். முதல் பத்துத் தரம் பெடல் தானாக மேலே வராது, அம்மா குனிந்து கையால் தூக்கினா.

"அமத்திப்போட்டன்!"

"பிடியுங்கோ... பிடியுங்கோ... இப்ப விடுங்கோ."

பதினாறாவதோ பதினேழாவதோ தரம், மீன்காரர் கேற்றடியில் ஹோர்ன் அடிக்க அம்மா காலை எடுத்துவிட்டா. திரும்ப முதலில் இருந்து. ஒரு கட்டத்தில் குழாயில் குமிழி நின்றது, பெடல் காலை எதிர்த்தது. "இப்ப ஏதோ கடினமா இருக்கு" என்று அம்மா பயந்து சொன்னா. அதுதான் நாங்கள் கேட்க நினைத்த வசனம்.

நாலு நாள் நல்லாக ஓடியது. ஐந்தாம் நாள் சந்தியில் பெடலை மிதித்துப் பிடித்திருக்க, அது தன்பாட்டில் மெல்ல மெல்லத் தரைக்கு இறங்கியதாம். இந்த முறை வீட்டுக்கு வந்தவுடன் சொன்னார். கீழே ஒரு சொட்டும் இல்லை. பெடலடிக் காப்பெற்றைத் தூக்கினோம், நனைந்திருந்தது. மேல் பம்பும் அதே வயது, அதே துரு. கீழ்ப் பம்புக்குப் புது றப்பர் போட்டபிறகு இதன் குறை வெளியே வந்திருக்கிறது. இரண்டையும் ஒன்றாகப் பார்த்திருக்கவேணும், காசை மிச்சம்பிடிக்கப் பார்த்தது எங்கட பிழை.

மேல் பம்பின் உள்சுவர் நகத்தில் தட்டுப்படுகிற அளவுக்கு அரித்திருந்தது. கிட் வேலைக்காகாது, முழுப் பம்பே வாங்கினோம். எல்லாம் சேர்த்தும் அந்த 60,000 இல் கால்வாசி வரவில்லை. மாற்றும்போது சிந்திய ஒயிலை உடனே தண்ணி ஊத்திக் கழுவாததால் மட்காட்டில் உள்ளங்கையளவு பெயின்ற் உரிந்துபோனது, அது இப்பவும் இருக்கிறது. புதுப் பம்பைப் பெடலோடு பூட்டியதும் அப்பா எங்களை விலகச் சொல்லிவிட்டு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஸ்ரியரிங்குக்குக் கீழே மல்லாந்து படுத்தார். பெடலுக்கும் பம்புக்கும் இடையிலுள்ள கம்பியில் நூலளவு தொய்வு விடவேணுமாம். விடாவிட்டால் மிதித்த ஒயில் போத்தலுக்குத் திரும்பி வராது, கிளச் முழுக்கச் சேராமல் பிளேட் எரியும். நாங்கள் அதை வாசிக்கவில்லை. அம்மா யாரும் கூப்பிட முதலே வந்து சாரதி இருக்கைக் கதவடியில் நின்றா.

அடுத்த நாள் ஐந்தரைக்கு நாங்கள் படுக்கையில் கிடந்து காது கொடுத்தோம். எஞ்சின் ஓடியது, ரிவேர்ஸ் விழுந்தது தெரியவேயில்லை, கார் போய்விட்டது. பின்னேரம் வந்து தேத்தண்ணியைக் குடித்தபடி அப்பா சொன்னார், "கிளச் பாரமாக் கிடக்கு. கால் நோகுது." அம்மா சித்தாலேப்பைப் போத்தலை எடுத்துக் கொடுத்தா.

அவ இப்பவும் கேற்றைத் திறந்துவிட்டு, கார் றோட்டுக்கு இறங்கும்வரை கிணற்றடிக்குப் போய்த்தான் நிற்கிறா.