தலைமாட்டில் ஒரு தோசைக்கரண்டி

ஆழ்வார்குறிச்சியில் ஐப்பசி அடைமழை பிடித்துவிட்டால் கடனாநதியில் எவ்வளவு தண்ணீர் வருகிறது என்பது பெரியவர்கள் கவலை. கலெக்டர் லீவு விட்டாரா என்பது எங்கள் கவலை. டொரண்டோவில் கலெக்டர் கிடையாது, கல்விச் சபைதான். அது லேசில் இரங்காது. பனி கொட்டினாலும் பெரும்பாலும் பள்ளிப் பேருந்தை மட்டும் நிறுத்திவிட்டுப் பள்ளியைத் திறந்துவிடும்.

அதனால் இங்குள்ள பிள்ளைகள் வேண்டுதலில் இறங்கிவிடுவார்கள். இரவு உடையை உள்பக்கம் வெளியே தெரியப் போட்டுக்கொள்ள வேண்டும், கழிப்பறையில் ஐஸ்கட்டி போட வேண்டும், தலையணைக்கடியில் கரண்டி வைக்க வேண்டும். 2022 ஜனவரி 16, ஞாயிறு இரவு என் மகனும் மகளும் மூன்றையும் ஒழுங்காகச் செய்தார்கள். ஊரில் அப்போது திங்கள் காலை. வாட்ஸ்அப்பில் பார்த்துக்கொண்டிருந்த ஆச்சி பதறிவிட்டாள்.

"ஏட்டி, புள்ள என்னத்தக் கண்டு பயந்தான்? அது எவர்சில்வரால்லா இருக்கு! இரும்புல ஒண்ணு எடுத்து வைட்டி."

மகன் அடுக்களைக்கு ஓடி இரும்புத் தோசைக்கரண்டியை எடுத்து வந்தான்.

அவனுடைய அப்பாவுக்கோ மறுநாள் பள்ளி திறந்தே ஆகவேண்டும். கொரோனாவால் இரண்டு வாரம் இணைய வகுப்பு நடந்து, 17ஆம் தேதிதான் நேரடி வகுப்பு தொடங்குவதாக இருந்தது. ஒரே சாப்பாட்டு மேசையில் தன் அலுவலக வேலையையும் இரண்டு வகுப்புகளையும் கட்டி மேய்த்தவர் அவர். ஞாயிறு இரவே புளியோதரை கிளறி டப்பாவில் அடைத்து, பைகளை வாசலில் வைத்துவிட்டுத்தான் படுத்தார்.

விடிந்தால் பள்ளி மூடல். அறிவிப்பை அவர் இரண்டு தடவை வாசித்தார். அதற்குள் பிள்ளைகள் புளியோதரையைத் திறந்துவிட்டார்கள்.

நகரின் சில பகுதிகளில் 50 செ.மீ.க்கு மேல் பனி. 1999 ஜனவரியில் பனியைச் சமாளிக்க மேயர் மெல் லாஸ்ட்மன் ராணுவத்தையே கூப்பிட்ட ஊர் இது. எங்களுக்குப் பிள்ளைகளின் அப்பாதான் ராணுவம். வாசல் பனியை அள்ளி முடித்து அவர் நிமிர்ந்தபோது பனி தள்ளும் வண்டி வந்து, தெருப் பனி அத்தனையையும் எங்கள் வாசலிலேயே ஒதுக்கிவிட்டுப் போனது. பிள்ளைகள் உருண்டு சிரித்தார்கள். கொஞ்ச நேரத்தில் அவரும் சிரித்து, அதிலேயே அவர்களோடு கோட்டை கட்ட உட்கார்ந்துவிட்டார். இரண்டு வாரமாக அந்த மேசையில் இப்படியொரு சிரிப்பு கேட்கவில்லை.

செவ்வாயும் பள்ளி திறக்கவில்லை. ஆச்சி கண்டிப்பாகச் சொன்னாள்: "போதும்யா, அந்தக் கரண்டிய எடுத்து அடுக்களைல வையி."

இந்தச் சந்தோஷத்துக்கு இப்போது ஆபத்து வந்திருக்கிறது. பனி நாளில் இனி இணைய வகுப்பு என்று நியூயார்க் நகரம் 2020இல் அறிவித்தது. 2024 பிப்ரவரி 13 அன்று அங்கே பனி பெய்தபோது, உள்ளே நுழையவே முடியாமல் எத்தனையோ பிள்ளைகள் திரைமுன் காத்துக் கிடந்தார்கள். ஊரில் மழை லீவுக்குச் சனிக்கிழமை பள்ளி வைத்து ஈடுகட்டுவார்கள். அது நியாயம். போன பாடத்தைப் பிறகு நடத்திக்கொள்ளலாம். கல்விச் சபைகளே, பனி லீவை லீவாகவே விடுங்கள்.